சாயங்காலம் ரெண்டு மணி நேரம்

(வாசகர் கேள்வி–பதில். பதில் சொல்கிறவன் கோவை ஒண்டிப்புதூர்க்காரன். மில்லில் ஃபிட்டராக இருந்தேன். மில் மூடிய பிறகு ஒரு கேளிக்கைப் பூங்காவில் மெயின்டனன்ஸ் பார்த்தேன். இப்போது பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் விட்டுக் கூட்டி வருவதுதான் உத்தியோகம். லீவு விட்டதும் பூங்கா, பொருட்காட்சி என்றே கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. அதனால் இந்த இதழில் வேறு பேச்சில்லை.)

கேள்வி: ஏனுங்க, என் மகனும் மருமகளும் அமெரிக்காவில் ஆர்லாண்டோ என்ற ஊரில் இருக்கிறார்கள். அடிக்கடி சாயங்காலம் போனில் கூப்பிட்டு, 'சும்மா டிஸ்னி வரைக்கும் போய்ட்டு வந்தோம்மா' என்கிறார்கள். போன வாரம் போய் ஒரு ராட்டினம்கூட ஏறவில்லையாம். ஏதோ வாங்கித் தின்றுவிட்டு, வாணவேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார்களாம். ஒரு நாள் டிக்கெட்டே நூறு டாலருக்கு மேல் என்று பக்கத்து வீட்டுப் பையன் பார்த்துச் சொன்னான். அதிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது. கேட்டால் சிரிக்கிறான். நீங்களாவது எழுதுங்கள். – வாசகி, திருப்பூர்

பதில்: ஒரு டம்ளர் மோர் குடித்து வயிற்றை ஆற்றிக்கொள்ளுங்கள், அம்மிணி. உங்கள் பையன் ஒவ்வொரு தடவையும் டிக்கெட் எடுத்துப் போகவில்லை. அங்கே வருட பாஸ் உண்டு. ஃப்ளோரிடாவிலேயே குடியிருப்பவர்களுக்கு மட்டும் விலை குறைந்த பாஸ் ஒன்று தனியாகக் கொடுக்கிறார்கள். சனி, ஞாயிறும் பண்டிகை நாளும் அது செல்லாது, வார நாளில்தான் செல்லும். வேலைக்குப் போகிறவனுக்கு வார நாளில் சாயங்காலத்தை விட்டால் வேறு எது இருக்கிறது? வண்டி நிறுத்தும் காசும் பாஸ்காரர்களுக்குக் கிடையாது. 2023-இலிருந்து மதியம் 2 மணிக்கு மேல் போனால் பெரும்பாலும் முன்பதிவுகூட வேண்டாம் என்று ஆக்கிவிட்டார்கள். ஆகவே அவன் ஆபீஸ் விட்டு வருகிற வழியில் ஒரு எட்டு உள்ளே போய்விட்டு வருகிறான், அவ்வளவுதான். பணம் ஏற்கனவே போய்விட்டது. நேற்று வீட்டில் இருந்திருந்தாலும் அது திரும்பி வந்திருக்காது.

ராட்டினம் ஏறாமல் வந்தான் என்றீர்களே, எந்தப் பூங்காவுக்குப் போனான் என்று அடுத்த முறை கேட்டுப் பாருங்கள். 'எப்காட்' என்பான் என்று நினைக்கிறேன். ஆர்லாண்டோவில் டிஸ்னிக்கு நான்கு பூங்காக்கள் இருக்கின்றன. அதில் கோட்டை இருக்கிறதே, மேஜிக் கிங்டம், அதற்குச் சட்டென்று போய்வர முடியாது. வண்டியை ஏரிக்கு இந்தப் பக்கம் நிறுத்திவிட்டு, படகிலோ மோனோ ரயிலிலோ ஏறி அக்கரைக்குப் போக வேண்டும். போகவும் வரவுமே சாயங்காலம் கரைந்துவிடும். எப்காட்டில் வண்டியை நிறுத்தி இறங்கினால் நடந்தே வாசலுக்குப் போய்விடலாம். உள்ளே ஒரு ஏரி, அதைச் சுற்றிப் பதினொரு நாட்டுக் கடைத்தெருக்கள். ஒரு சுற்று நடந்தால் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர். நம் ஊர் ரேஸ்கோர்ஸில் நடக்கிற மாதிரி நடந்து, ஒரு கடையில் தின்று, ராத்திரி ஏரிக்கு மேல் வாணம் விடுவதைப் பார்த்துவிட்டுக் கிளம்பினால் படுக்கிற நேரத்துக்கு வீடு சேர்ந்துவிடலாம். பையன் விவரமானவன்.

இதில் எனக்குப் பிடித்த சங்கதி ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். 1955-இல் கலிபோர்னியாவில் முதல் டிஸ்னிலாண்ட் திறந்தபோது வாசலில் 1 டாலர்தான். உள்ளே ஒவ்வொன்றுக்கும் தனிக் காசு. அப்புறம் ஏ, பி, சி என்று எழுத்துப் போட்ட கூப்பன் புத்தகம் கொண்டுவந்தார்கள். 1959-இல் அது 'இ' வரைக்கும் போனது. சின்னப் பிள்ளைகள் ஏறுவதற்கு ஏ, ரொம்ப விசேஷமானதற்கு இ. 1982-இல் கூப்பனை எல்லாம் ஏறக்கட்டிவிட்டு, வாசலில் ஒரே டிக்கெட், உள்ளே எதில் வேண்டுமானாலும் எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறு என்று மாற்றிவிட்டார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வாசலிலேயே மொத்தப் பணத்தையும் வாங்கிக்கொண்டால் மனுசன் என்ன செய்வான்? கொடுத்த காசை வசூல் பண்ணப் பார்ப்பான். காலையில் கதவு திறக்கும் முன் போய் நிற்பான், கால் வீங்கினாலும் சாத்துகிற வரைக்கும் வரமாட்டான். நான் வேலை பார்த்த இடத்தில் தினமும் பார்த்திருக்கிறேன். மூன்று மணிக்கு மேல் ஒரு முகத்திலும் சிரிப்பு இருக்காது, ஆனாலும் வரிசையில் நிற்பார்கள். 'இன்னும் நாலு ஏறினால் டிக்கெட் காசு வந்துரும்' என்று பிள்ளைகளை அதட்டுகிற அப்பாக்கள் எத்தனையோ பேர்.

வருட பாஸ் அந்தப் பாரத்தை இறக்கி வைக்கிறது. இன்றைக்கு ஏறாவிட்டால் நாளைக்கு ஏறலாம் என்றால்தான் பொரி தின்றுகொண்டு சும்மா உட்கார மனசு வரும்.

பாஸே இல்லாமலும் இதைச் செய்கிற ஊர்கள் உண்டு. டென்மார்க்கில் கோபன்ஹேகன் நகரத்து ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே டிவோலி என்று ஒரு பூங்கா. 1843-இல் திறந்தது. இன்றைக்கும் நுழைவுக்கு ஒரு டிக்கெட், ராட்டினத்துக்கு வேறு டிக்கெட். பாட்டுக் கேட்க, விளக்குப் பார்க்க என்று ராட்டினம் பக்கமே போகாதவர்களும் வருகிறார்கள். 1914-இல் மரத்தில் கட்டிய ரோலர் கோஸ்டர் ஒன்று அங்கே இன்னும் ஓடுகிறது. வண்டிக்கு ஒரு ஆள் நடுவில் உட்கார்ந்து கையால் பிரேக் பிடிக்கிறார். அந்த பிரேக் லீவரை ஒரே ஒரு தரம் பிடித்துப் பார்க்க எனக்கு ஆசை. டோக்கியோ டிஸ்னிலாண்டில் வார நாளில் சாயங்காலம் 5 மணிக்கு மேல் போகிறவர்களுக்கென்றே விலை குறைந்த டிக்கெட் வைத்திருக்கிறார்கள். ஆபீஸ் விட்டு, கழுத்துப் பட்டையோடு ரயிலிறங்கி உள்ளே போகலாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. பாஸ் எடுத்தவர்களுக்கும் வசூல் வியாதி வரும். 'வருசத்துக்கு இத்தனை தடவை போனால்தான் கட்டும்' என்று காய்ச்சலோடு பிள்ளையை இழுத்துக்கொண்டு போகிறவர்கள் அங்கேயும் இருப்பார்கள். உங்கள் பையன் ராட்டினம் ஏறாமலே திரும்புகிறான் என்றால் அவனுக்கு அந்த வியாதி இல்லை. விடுங்கள்.

கேள்வி: நாங்கள் துபாயில் இருக்கிறோம், சொந்த ஊர் கரூர். இங்கே குளோபல் வில்லேஜுக்கு அடிக்கடி போவோம். இந்த வருடம் அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள். அவர்களைக் கூட்டிப் போகலாமா? நடக்கச் சிரமப்படுவார்கள். – வாசகர், துபாய்

பதில்: தாராளமாகக் கூட்டிப் போங்கள். அது வெயில் காலத்தில் மூடிக் கிடந்து, குளிர் காலத்தில் மட்டும் நடக்கிற சந்தை. கதவு திறப்பதே சாயங்காலம் 4 மணிக்கு. பெரியவர்களுக்கு ஏற்ற நேரம். நுழைவு டிக்கெட்டும் பெரிய தொகை இல்லை என்பதால் அப்பாவுக்குக் கால் வலித்தால் ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடலாம், யாருக்கும் மனசு அடித்துக்கொள்ளாது. ஒரே நாளில் எல்லா நாட்டு அரங்கையும் காட்டுகிறேன் என்று கிளம்பாதீர்கள். ஒரு நாளைக்கு ரெண்டு நாடு போதும். வெள்ளிக்கிழமை ராத்திரிக் கூட்டத்தில் கொண்டுபோய் விடாதீர்கள். அம்மாவுக்கு ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். துபாயில் குளிருமா என்று கேட்பார்கள். ராத்திரி போட்டுக்கொள்வார்கள்.

கேள்வி: காரமடையில் இருக்கிறோம். பிளாக் தண்டர் எங்களுக்குப் பக்கம்தான். பையன் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நாலு மணிக்குக் கிளம்பி ஒரு மணி நேரம் தண்ணீரில் ஆடிவிட்டு வரலாமே என்று நினைக்கிறேன். வீட்டுக்காரர் வேண்டாம் என்கிறார். யார் சொல்வது சரி? – வாசகி, காரமடை

பதில்: இந்தத் தடவை வீட்டுக்காரர் பக்கம்தான் நான். மேட்டுப்பாளையத்து பிளாக் தண்டர் ஆனாலும் சரி, சிறுவாணி ரோட்டுக் கோவை கொண்டாட்டம் ஆனாலும் சரி, தண்ணீர்ப் பூங்காக்கள் பகலுக்கு என்று செய்தவை. சாயங்காலத்தில் சாத்திவிடுவார்கள். நாலரைக்கு நீங்கள் உள்ளே போகும்போது மற்றவர்கள் தலை துவட்டிக்கொண்டிருப்பார்கள்.

நேரம் எங்கே போகும் என்று பாருங்கள். லாக்கர் எடுக்க வேண்டும், உடுப்பு மாற்ற வேண்டும். பருத்தித் துணியோடு இறங்க விடமாட்டார்கள், நைலான்தான். ஏன் என்று பல பேர் சண்டைக்கு வருவார்கள். பருத்தியிலிருந்து பிரிகிற நூல் போய் ஃபில்டரை அடைத்துவிடும். பஞ்சு புகுந்தால் எதையும் அடைக்கும் என்று மில்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சரி, மாற்றிக்கொண்டு அலைக்குளத்துக்குப் போனால் அலை நின்றுபோயிருக்கும். அது ஓயாமல் அடிக்காது. ஆழமான பக்கத்துச் சுவருக்குப் பின்னால் அறைகள் இருக்கின்றன. பெரிய புளோயர் அதற்குள் காற்றை அடிக்கும், விடும், மறுபடி அடிக்கும். உள்ளே இருக்கிற தண்ணீர் அமுங்கி வெளியே தள்ளப்படுவதுதான் நீங்கள் பார்க்கிற அலை. கொஞ்ச நேரம் ஓட்டி, கொஞ்ச நேரம் நிறுத்துவார்கள். நிறுத்தியிருக்கும்போது நீரில் இருப்பவர்களை எண்ணிப் பார்ப்பது காவலுக்கு நிற்கிறவரின் வேலை. நீங்கள் ஒரு மணி நேரத்துக்கு என்று போனால் ரெண்டு அலை கிடைக்கும். திரும்ப உடுப்பு மாற்றுவதற்குள் இருட்டிவிடும். மலையடிவாரம் வேறு. கல்லாறு, ஓடந்துறைப் பக்கம் யானை நடமாட்டம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த நேரத்தில் ஊட்டியிலிருந்து இறங்குகிற வண்டிகளும் சேர்ந்துகொள்ளும்.

அங்கே போவதானால் லீவு நாளில் காலையிலேயே போங்கள், முழு நாள் ஆடுங்கள். சாயங்காலத்துக்கு வேறு இருக்கிறது. மாசி மாதம் உங்கள் அரங்கநாதர் தேருக்குக் கடை போடுகிறார்களே, அதைவிடவா? வீட்டிலிருந்து செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தே போகலாம். ஆடியில் தேக்கம்பட்டி வனபத்ரகாளியம்மன் கோயில் குண்டம். பையன் ராட்டாந்தூரி (ராட்டினம்) ஏறிவிட்டு, மறுநாள் மறுபடி கேட்டால் மறுபடி கூட்டிப் போங்கள். வாசலில் யாரும் மொத்தமாகப் பணம் வாங்கவில்லை. டிவோலியும் காரமடைத் தேர்க்கடையும் ஒரே கணக்கில்தான் நடக்கின்றன.

கேள்வி: அய்யா, நோம்பிக்குப் போடுகிற ராட்டாந்தூரியில் பிள்ளைகளை ஏற்றவே பயமாக இருக்கிறது. நேற்று லாரியில் வந்து இறங்கியதை இன்றைக்குச் சுற்றுகிறார்கள். பெரிய மாரியம்மன் பண்டிகைக்குக் கடை வந்தாலே வீட்டில் இதே சண்டைதான். நீங்கள் ஃபிட்டர் ஆச்சே, எதைப் பார்த்து ஏற்றுவது? – வாசகர், ஈரோடு

பதில்: பயம் நல்லதுதான், பயந்தால் கண் திறந்து பார்ப்போம். டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் ஒரு ரெண்டு சுற்று கீழே நின்று பாருங்கள். நான் எங்கே போனாலும் அப்படித்தான். என் பேத்தி 'தாத்தா டியூட்டி பாக்குறாரு' என்பாள்.

முதலில் காலைப் பாருங்கள், ராட்டினத்தின் காலை. நிற்கிற இடத்தில் கனமான மரக்கட்டைகள் அடுக்கி, அதன்மேல் சட்டம் சமமாக உட்கார்ந்திருக்க வேண்டும். செங்கல்லும் கருங்கல்லும் முட்டுக்கொடுத்திருந்தால் நான் திரும்பிவிடுவேன். சித்திரையில் கோடை மழை பெய்த மறுநாள் இன்னும் கவனம் வேண்டும். நம் பக்கம் பல ஊரில் கரிசல் மண். நேற்றுக் கல்லாக இருந்தது இன்றைக்கு அல்வாவாக இருக்கும். ஒரு பக்கம் அரை அங்குலம் இறங்கினாலும் சக்கரம் சாய்ந்துதான் சுற்றும். தள்ளி நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். சக்கரம் ஆடி ஆடிச் சுற்றினால் தெரியும்.

அடுத்தது இரும்புச் சட்டங்களை இணைக்கிற பின். இந்த ராட்டினங்களைப் பிரித்து மாட்டுவதற்காகவே செய்திருப்பதால் பெரும்பாலும் வெல்டிங் இருக்காது, பின் போட்டுத்தான் இணைப்பார்கள். ஒவ்வொரு பின்னின் முனையிலும் அது கழன்று வராமல் ஸ்பிளிட் பின்னோ கிளிப்போ இருக்க வேண்டும். அதற்குப் பதில் கட்டுக்கம்பி முறுக்கியிருந்தால், துணி கட்டியிருந்தால், ஆணி செருகியிருந்தால் பேசாமல் காளான் கடைக்குப் போய்விடுங்கள். தொட்டில் தொங்குகிற இடத்தையும், முன்னால் போடுகிற கம்பியின் கொண்டியையும் உங்கள் கையால் இழுத்துப் பார்க்கலாம். ஆபரேட்டர் முறைத்தால் முறைக்கட்டும்.

அப்புறம் காது. பேரிங் நன்றாக இருந்தால் சக்கரம் சீராக ஒரே சத்தத்தில் ஓடும். கரகரவென்று ஒரு இடத்தில் மட்டும், ஒவ்வொரு சுற்றுக்கும் அதே இடத்தில் முனகல் வந்தால் அது நல்லதில்லை. ஸ்பீக்கரில் பாட்டு அலறுவதால் கேட்பது கஷ்டம். பின்பக்கம் போய் நின்றால் கேட்கும். பின்பக்கம் போகும்போதே ஜெனரேட்டர் வயரையும் பார்த்துவிடுங்கள். ஜனங்கள் நடக்கிற ஈரத் தரையில் ஒட்டுப்போட்ட வயர் கிடந்தால் அது ராட்டினத்தைவிடப் பெரிய ஆபத்து.

இதெல்லாம் இரும்பு. நான் இதைவிட முக்கியமாகப் பார்ப்பது ஓட்டுகிற ஆளைத்தான். நல்ல ஆபரேட்டர் எதிரும் புதிருமாக ஆள் ஏற்றுவார். இந்தப் பக்கம் நாலு பேர் என்றால் அடுத்து நேர் எதிர்த் தொட்டிலுக்கு நாலு பேர். ஒரே பக்கமாக வரிசையாக ஏற்றினால் கனமான பக்கம் கீழே இழுக்கும், நிறுத்துகிற இடத்தில் நிற்காது. பிரேக் தேய்ந்துகொண்டே போகும். அவர் கண் சக்கரத்தில் இருக்கிறதா, செல்போனில் இருக்கிறதா? ஒரு கை எப்போதும் லீவரில் இருக்கிறதா? முடியை விரித்துவிட்டு வரும் பெண்ணைப் பார்த்து 'கட்டிக்கிட்டு ஏறும்மா' என்கிறாரா? நீளமான கூந்தலும் துப்பட்டாவும் ராட்டினத்துக்கு எதிரி. சுற்றுகிற தண்டில் மாட்டினால் யாரும் நிறுத்துவதற்குள் முடிந்துவிடும். இதைச் சொல்கிற ஆளிடம் நான் தைரியமாக என் பேத்தியை ஏற்றுவேன். பளபளவென்று லைட் போட்டிருக்கிறார்களா என்பதெல்லாம் கணக்கே இல்லை.

ஆடி மாதமானால் காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தியூர் குருநாதசாமி சந்தைக்குப் போவீர்கள் அல்லவா, குதிரை பார்க்கிற சாக்கில்? அந்த மாதத்தில் திடீரென்று வீசும். காலியாகத் தொங்குகிற தொட்டில்கள் தானாகக் குறுக்கே ஆட ஆரம்பித்தால் அன்றைக்கு ராட்டினம் வேண்டாம். காசு வாங்கியிருந்தாலும் ஓட்டாமல் நிறுத்தி வைக்கிற முதலாளி உண்டு. அவரிடம் மறுநாள் போய் ஏறுங்கள்.

கிணற்றுச் சுவரில் பைக் ஓட்டுகிற மரணக் கிணறு பார்க்கப் போனால்? ரொம்ப முன்னால் போய்த் தலையை நீட்டாதீர்கள். வேறு சொல்ல இல்லை.

கேள்வி: என் வீட்டுக்காரர் விசைத்தறி வைத்திருக்கிறார். 'போனா ஒரு நாள் முழுசா போகணும், இல்லாட்டிப் போகவே கூடாது' என்பார். ஒரு நாள் முழுசாகத் தறியை விட்டு வரவும் மாட்டார். பத்து வருடமாக நாங்கள் எங்கேயும் போகவில்லை. – வாசகி, சோமனூர்

பதில்: தறியில் பாவு நூல் தீர்ந்து அடுத்த பாவு பிணைக்கிற சாயங்காலம் எப்போது என்று உங்களுக்கே தெரியும். அன்றைக்கு ஆள் வந்து பிணைத்துக்கொண்டிருக்கும்போது இவர் பக்கத்தில் நின்று ஒன்றும் ஆகப்போவதில்லை. பைக்கை எடுக்கச் சொல்லுங்கள். பூங்கா என்ற பேச்சே எடுக்காதீர்கள். 'அவிநாசித் தேருக்குக் கடை போட்டிருக்கிறார்களாம், ஒரு எட்டுப் பார்த்துட்டு வந்துரலாம்' என்று மட்டும் சொல்லுங்கள். அங்கே போனதும் அவரே முதலில் துப்பாக்கி சுடுகிற கடைக்குத்தான் போவார். தறிக்காரர் யாரும் பலூனை விட்டு வந்ததில்லை.

கேள்வி: பேரன் லீவுக்குப் பெங்களூரிலிருந்து கோவை வந்திருக்கிறான். நோம்பியும் இல்லை, பொருட்காட்சியும் இல்லை. சாயங்காலமானால் 'அப்புச்சி எங்காவது போலாம்' என்கிறான். மாலில் இருக்கிற கேம் ஜோனுக்குக் கூட்டிப் போனால் ஒரு மணி நேரத்தில் ஆயிரம் ரூபாய் போகிறது. – வாசகர், பீளமேடு

பதில்: அந்த கேம் ஜோன் கார்டு இருக்கிறதே, அதுவும் பழைய கூப்பன் புத்தகம்தான், கொஞ்சம் வில்லத்தனம் சேர்ந்தது. ஐந்நூறு போடுவீர்கள், நாற்பது ரூபாய் மிச்சம் நிற்கும், எந்த ஆட்டமும் நாற்பது ரூபாய்க்கு இருக்காது. அந்த நாற்பதை விடக்கூடாது என்று இன்னும் ஐந்நூறு போடுவீர்கள். நான் செய்வது: முந்நூறு என்று பேரனிடம் முன்கூட்டியே சொல்லி, கார்டை அவன் கையிலேயே கொடுத்துவிடுவது. எதில் தேய்ப்பது என்று அவன் யோசிக்கிற நேரமே அரை மணி நேரம். மிச்சம் நின்றால் நிற்கட்டும்.

தினமும் என்றால் உக்கடம் பெரியகுளக்கரைக்குக் கூட்டிப் போங்கள். வெளிச்சம் போட்டு நடைபாதை செய்த பிறகு சாயங்காலக் காற்றுக்கு அதைவிட இடமில்லை. குறிச்சிக் குளக்கரையில் தமிழ் எழுத்துகளாலேயே செய்த திருவள்ளுவர் சிலை இருக்கிறது. பெங்களூர்ப் பேரனுக்கு எழுத்து கண்டுபிடிக்கிற ஆட்டம் வையுங்கள். காந்திபுரத்தில் 2025 நவம்பரில் திறந்த செம்மொழிப் பூங்கா 45 ஏக்கர். அதை ஒரே சாயங்காலத்தில் முடிக்கப் பார்க்காதீர்கள், ஒரு மூலை பார்த்துவிட்டு வந்தால் போதும். மலம்புழா போகலாமா என்று மருமகன் கிளப்புவார். அது நல்ல இடம், ஆனால் வாளையாறு தாண்டிப் போய்த் திரும்பணும். சட்டென்று போய்வருகிற கணக்கில் சேராது. ஞாயிற்றுக்கிழமைக்கு வையுங்கள்.

கேள்வி: ராட்டாந்தூரியில் நாங்கள் ஏறினதும் மேலே கொண்டுபோய் நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு மட்டும் ஏன் எப்போதும் உச்சியில் நிற்கிறது? – ஐந்தாம் வகுப்பு மாணவி, கோபிசெட்டிபாளையம்

பதில்: நல்ல கேள்வி கண்ணு. உனக்கு மட்டும் இல்லை. ஈரோட்டு மாமாவுக்கு மேலே எழுதியிருக்கிறேன் பார், எதிரும் புதிருமாக ஆள் ஏற்றுவார்கள் என்று. நீ கீழே உட்கார்ந்ததும் சக்கரத்துக்கு ஒரு பக்கம் கனமாகிவிடும். சமமாக்க, உனக்கு நேர் எதிரே இருக்கிற தொட்டிலில் அடுத்த ஆளை ஏற்ற வேண்டும். அந்தத் தொட்டில் கீழே வர வேண்டுமானால் நீ எங்கே போக வேண்டும்? உச்சிக்குத்தான். அவர்கள் ஏறி, கம்பி போட்டு, டிக்கெட் கொடுக்கிற வரைக்கும் நீ அங்கே நிற்பாய். உன்னை நிறுத்திவிட்டு வேறு பக்கத்துத் தொட்டிலில் ஆள் ஏற்றினால் அந்த ஆபரேட்டருக்கு வேலை தெரியாது என்று அர்த்தம். அப்பாவிடம் சொல்.

கேள்வி: கூட்டிப் போவது சுலபம், திரும்பக் கூட்டி வருவதுதான் பெரும்பாடு. கிளம்பலாம் என்றதும் என் மகன் மண்ணில் புரண்டு அழுகிறான். அதனாலேயே சாயங்காலம் எங்கேயும் போவதில்லை. – வாசகி, உடுமலைப்பேட்டை

பதில்: 'கிளம்பலாம்' என்று திடீரென்று சொன்னால் நான்கூட அழுவேன். உள்ளே போகும்போதே கடைசியாக எது என்று அவனையே சொல்லச் சொல்லுங்கள். 'கொலம்பஸ் கப்பல்தான் கடைசி' என்றானா, சரி. மற்றதை எல்லாம் முடித்துவிட்டு அதில் ஏற்றுங்கள். இறங்கியதும் நேராக டெல்லி அப்பளக் கடை. அவன் முகத்தைவிடப் பெரிய அப்பளத்தை ரெண்டு கையிலும் பிடித்துக்கொண்டு மண்ணில் புரள முடியாது. மிளகாய்ப்பொடி கம்மியாகத் தூவச் சொல்லுங்கள். வண்டி நிறுத்தியிருக்கிற இடம் வரும்வரை அது தாங்கும், நொறுங்கினது போக மிச்சத்தை வண்டியில் உட்கார்ந்து தின்னட்டும். ஒன்பது மணி பஸ்ஸில் போவதானால் அப்பளம் வேண்டாம், கூட்டத்தில் எல்லோர் சட்டையிலும் எண்ணெய். பொரி வாங்கிக் கொடுங்கள்.